வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை: கையெழுத்து வைக்க முன் எழும் கேள்விகள்

பசி என்றால் என்னவென்று எங்கள் பெண்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றவர்களும், 1995 ஒக்ரோபரில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரு குவளைக் கஞ்சிக்காகப் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தவர்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அப்படி வாழ்ந்த ஒரு பெண்ணிடம், "உங்களுடைய இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிட்டால் உங்களுக்கு நல்லது" என்று ஒரு வைத்தியர் சொல்லும்போது அவள் திகைத்துப் போவதில் வியப்பில்லை. சாப்பாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த உடம்பு, சாப்பிட முடியாதபடி தன்னை மாற்றிக்கொள்ள இலகுவில் சம்மதிக்காது.

நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை இன்று எங்களுக்கு எட்டாத ஒன்றல்ல. கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இது செய்யப்படுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தகுதியுள்ளவர்களுக்கு அரச மருத்துவக் காப்புறுதியே இதற்குச் செலவு செய்கிறது. எனவே ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு அது நல்லபடியாக முடிந்திருந்தால் தொலைபேசிப் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. காசு நான் அனுப்புறன். நீங்கள் போய்ப் படுத்தால் சரி." தங்கையின் அன்பில் குறையில்லை. ஆனால் போய்ப் படுத்தால் சரி என்ற அளவுக்கு இது சின்ன விடயமல்ல. அக்காவுக்கு வரும் சந்தேகங்கள் நன்றிகெட்டதனமுமல்ல, கோழைத்தனமுமல்ல. அவற்றில் பல, வைத்தியரே கேட்டு அறிந்திருக்க வேண்டிய விடயங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உடம்பு பெருத்திருப்பது வாய்க்கொழுப்பால் மட்டும் என்று நினைப்பது தவறு. நிவாரணமாகக் கிடைத்தது அரிசியும் மாவும் சீனியும் தான். மரக்கறியும் மீனும் அல்ல. காலை இழந்தவள் முன்போல வயலுக்கு நடக்க முடியாது. மனச்சோர்வுக்கும் நித்திரையின்மைக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி, இழுப்புக்கு நீண்டகாலம் எடுக்கும் ஸ்ரீரோயிட் வகை மருந்துகள் என்பனவும் சிலருக்கு நிறையைக் கூட்டும். எனவே சத்திரசிகிச்சை பற்றிப் பேச முன்னர், நீங்கள் எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியருக்குக் காட்டுங்கள். ஒரு மாத்திரையை மாற்றுவதால் தீரக்கூடிய விடயத்துக்குக் கத்தி தேவையில்லை.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

அதிகம் செய்யப்படும் முறைகள் இரண்டு. முதலாவதை 'ஸ்லீவ்' என்பார்கள். சட்டைக்கை போல ஒடுங்கிய ஒரு குழாயை மட்டும் விட்டு, இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் ஓமோன் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவு சிறிய பையொன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைப்பார்கள். அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த எட்வேர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1966இல் தொடக்கிய வழி இது. பின்னர் பல மாற்றங்களைக் கண்டது. இரண்டுமே இப்போது பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கமெரா பொருத்திய குழாயின் உதவியோடு செய்யப்படுகின்றன.

யாருக்குச் செய்யலாம் என்பதை உடற்திணிவுச் சுட்டியைக் கொண்டு பார்ப்பார்கள். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது. 155 சென்ரிமீற்றர் உயரமான பெண் 85 கிலோ என்றால் ஏறக்குறைய 35. 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதி, 40க்கு மேல் அல்லது நீரிழிவு போன்ற நோய்களோடு 35க்கு மேல் என்று சொன்னது. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் இதைத் தளர்த்தின. ஆசிய இனத்தவருக்கு 27.5இலிருந்தே இதுபற்றி யோசிக்கலாம் என்றும் கூறின, ஏனென்றால் எங்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுகிறது.

காலை இழந்த சகோதரிகள் இந்தக் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு முழுக் கால் உடல் நிறையில் ஏறத்தாழ 16 வீதம், முழங்காலுக்குக் கீழே என்றால் 6 வீதம். தொடையோடு கால் எடுக்கப்பட்ட, 155 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணைத் தராசில் நிறுத்தினால் 70 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டி 29 என்று வரும். இழந்த காலையும் சேர்த்துக் கணக்கிட்டால் 83 கிலோ. சுட்டி 34க்கும் மேலே போகிறது. கிளினிக்கில் அவசரமாக எழுதும்போது இது விடுபடக்கூடும். அத்தோடு நிறை மாறினால் செயற்கைக் காலின் கிண்ணமும் பொருந்தாது போகும். நிறை வேகமாக இறங்கும் முதல் வருடத்தில் அதைச் சிலவேளை ஒருமுறைக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கும். கால் செய்து தரும் நிலையத்தாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் மொத்த நிறையில் கால் பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ குறைவது வழக்கம். நூறு கிலோ உள்ளவர் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் வந்து நிற்பார். பின்னர் கொஞ்சம் ஏறும். பலருக்கு நீரிழிவு கட்டுப்படுகிறது, சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகிறது. சுவீடனில் சத்திரசிகிச்சை செய்த ஏறத்தாழ 2,000 பேரையும் செய்யாத அதேயளவு பேரையும் நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இப்போது நிறை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவை விலை கூடியவை, நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பி வருகிறது.

இனிச் சந்தேகங்களுக்கு வருவோம்

"மேசையிலேயே செத்துப்போனால் பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?" தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். அனுபவமுள்ள சத்திரசிகிச்சைக் குழு செய்தால் இறப்பு ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவிலேயே இருக்கிறது. பித்தப்பை எடுக்கும் சத்திரசிகிச்சையோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. ஆயினும் தைத்த இடம் கசிவது, இரத்தம் வடிவது, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது என்பன நடக்கக்கூடியவை. வீடு திரும்பிய பின்னர் இதயம் படபடவென்று அடித்தால், காய்ச்சல், மூச்சுத்திணறல், கூடிக்கொண்டு போகும் வயிற்று வலி, இடது தோள்மூட்டு வலி, கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் என்பதை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். முதல் இரண்டு கிழமையாவது சத்திரசிகிச்சை செய்த இடத்துக்குக் கிட்டத் தங்க ஒரு வீடு இருக்கிறதா? இல்லையென்றால் திகதி எடுக்க முன்னர் அதை ஒழுங்கு செய்யுங்கள்.

அடுத்தது பழைய காயம். இதைக் கொழும்பில் உள்ள வைத்தியர் தானாகக் கேட்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். செல் துண்டு பட்டு முன்னர் வயிறு திறக்கப்பட்டிருந்தால், உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கலாம். துளை மூலம் செய்வதை அது கடினமாக்கும், சிலவேளை வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டி வரும், சிலருக்குச் செய்யாமல் விடுவதே நல்லது என்று முடிவெடுப்பார்கள். யுத்த காலத்தில் எந்த வைத்தியசாலையில் என்ன செய்தார்கள் என்ற துண்டு எங்களில் பலரிடம் இல்லை, இடம்பெயர்வுகளில் தொலைந்துவிட்டது. துண்டு இல்லை என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தழும்பைக் காட்டுங்கள், ஆண்டைச் சொல்லுங்கள். உடம்பில் இன்னும் இரும்புத் துண்டு இருப்பதை ஸ்கான் எடுக்க முன்னர் சொல்லியே ஆக வேண்டும்.

வலி மாத்திரையும் இதோடு சேர்ந்த விடயம். காயங்களின் நோவுக்கு டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போட்டுப் பழகியவர்கள் ஏராளம். பைபாஸ் செய்த பின்னர் இவை இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசிய வைக்கும். இந்த மாத்திரை இல்லாமல் உங்களால் நாளைக் கடத்த முடியாது என்றால், அதை முதலிலேயே வைத்தியருக்குச் சொல்லுங்கள். எந்த முறை பொருத்தம் என்பதையே அது மாற்றக்கூடும்.

பின்னர் வாழ்நாள் முழுவதும் விற்றமின், இரும்பு, கல்சியம், பி12 எடுக்க வேண்டும், வருடாவருடம் இரத்தம் சோதிக்க வேண்டும். தொடர்ந்து வாந்தி வந்தால் பி1 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். இதைக் கேட்கும் கொழும்புப் பெண்ணுக்கும் வன்னிப் பெண்ணுக்கும் மனதில் ஒரே எண்ணம் ஓடுவதில்லை. "இன்னொருக்கால் ஓட வேண்டி வந்தால்? மருந்து வராவிட்டால்?" தடைக் காலத்தைக் கண்டவள் இப்படி யோசிப்பதை வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். யுத்தம் இல்லாத 2022இலும் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. பைபாஸில் உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போவதால் சத்துக் குறைபாடு ஸ்லீவை விடக் கூடுதலாக ஏற்படும். 'மாத்திரை சில மாதம் கிடைக்காவிட்டால் எனக்கு என்ன நடக்கும், எந்த முறை எனக்குப் பாதுகாப்பு' என்று நேரே கேளுங்கள். பெறுமதியான கேள்வி அது.

சாப்பாடு எப்படி மாறும் என்பதையும் கற்பனை செய்து பார்க்க வேண்டும். முதல் இரு கிழமை நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. அதன் பின்னரும் ஒரு நேரத்துக்கு ஒரு சிறு கிண்ணம். முட்டை, மீன், பருப்பு முதலில், சோறும் பிட்டும் கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர் சர்க்கரைப் பொங்கலை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்துப் படுத்துவிடக்கூடும். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்கள் பற்றி முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது. பிள்ளை பெற விரும்புவோர் ஒன்று முதல் ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும். சில மாதங்களில் தலைமுடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். தளர்ந்து தொங்கும் தோல் அப்படித் தானாகச் சரியாவதில்லை.

மனதைப் பற்றி

ஒன்ராறியோவில் இச்சத்திரசிகிச்சை செய்துகொண்ட 8,815 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்து அவசர சிகிச்சைக்கு வருவது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மூன்று வருடங்களில் முந்தியதை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கூடியிருந்தது. அப்படி வந்தவர்கள் சிறு தொகையினரே, அவர்களில் மிகப் பெரும்பாலானோர் முன்னரே உளப் பாதிப்புக்கு ஆளாகியிருந்தவர்கள்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எங்களில் பலருக்கு இரவில் வரும் கனவுகளையும், காணாமற்போனவரின் நினைவையும் ஆற்றுவதற்கு இருந்த ஒரே துணை ஒரு தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். இரைப்பை சிறுத்ததும் அந்த ஆறுதல் ஒரே நாளில் போய்விடும், துயரம் அங்கேயே இருக்கும். ஆகவே உளநல வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ முன்னதாகவே சந்திப்பது சடங்குக்காக அல்ல. "இவளை விசர் எண்டு நினைச்சுத்தான் அனுப்புகினம்" என்று கோபிக்க வேண்டியதில்லை. அங்கே நடந்ததைச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இப்போதே அந்த எண்ணம் இருந்தால் சத்திரசிகிச்சையைப் பிறகு பார்க்கலாம், கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு இன்றைக்கே போங்கள்.

ஊர் வாயையும் மறப்பதற்கில்லை. "புருஷன் இல்லாதவளுக்கு இப்ப ஆருக்காக மெலியிற ஆசை?" என்று கேட்பவர்கள் கேட்பார்கள். முழங்கால் நோவோடு கிணற்றடிக்குப் போகிறவளும், இரவில் மூச்சடைத்து எழும்புகிறவளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதேபோல, காசு அனுப்பியவர் மனம் நோகுமே என்பதற்காகத் தியேட்டருக்குள் போகவும் தேவையில்லை. பெரியவளான ஒரு பெண்ணின் உடம்புக்குச் சம்மதம் கொடுப்பவள் அவளேதான். கையெழுத்து வைத்த பின்னும், மயக்க மருந்து கொடுக்கும் கடைசி நிமிடம் வரையிலும் வேண்டாம் என்று சொல்லலாம். திகதியைத் தள்ளிக் கேட்கலாம். சம்மதப் படிவம் விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கும்வரை பேனாவைத் தொடாமல் இருக்கலாம். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி, அதில் விளக்கம் கேட்பது எவரிடமும் சலுகை கேட்பதாகாது.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் நிறை, குருதி அமுக்கம், சீனி மூன்றையும் பார்த்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பழைய காயங்கள், முன்னைய சத்திரசிகிச்சைகள், இப்போது போடும் மாத்திரைகள், மனதுக்குப் பட்டவை, வீட்டில் துணைக்கு நிற்கக்கூடியவர் யார் என்பதை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம், பிள்ளைக்குச் சொல்ல முடியாததை மாதர் சங்கத் தோழி ஒருத்தியிடம் சொல்லி எழுதுவிக்கலாம். கொழும்பு கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது பத்து நிமிடம்தான் கிடைக்கும். கொப்பியை மேசையில் வைத்து, முதற்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.