சுடுகாட்டுப் பூவும் ரத்தப் புற்றுநோயும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிக்கு நாளுக்கொரு விலை. நித்தியகல்யாணியை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வெள்ளையோ ஊதாவோ, ஐந்து இதழ் விரித்து வருடம் முழுக்கப் பூக்கும். சுடுகாட்டு மண்ணிலும் தானாக முளைப்பதால் சுடுகாட்டுப் பூ என்று பெயர். இலை படுகசப்பு, ஆடு வாய் வைக்காது. மதுரை, ராமநாதபுரம், நெல்லைச் சீமைகளில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிரிடுகிறவர்களுக்கு வேலிச் செலவு மிச்சமாவது அந்தக் கசப்பால்தான். விதைத்து ஒரு வருடம் கழித்துச் செடியை அறுத்து, உழுது வேரைப் பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைப்பார்கள். வேரில் இருப்பது ரத்த ஓட்டத்துக்கான மருந்துக்குப் பயன்படும் அஜ்மலிசின். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் கிடைப்பது இலையில். ஆகவே ‘புற்றுநோய்க்கு மருந்து நம் வாசலிலேயே இருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய் அல்ல. ‘அதனால் இலையைப் பறித்துச் சாறு குடி’ என்று அடுத்த வரியில் வருகிறதே, வம்பு அங்கேதான்.

செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். பல நாடுகளில் இதைச் சர்க்கரை நோய்க்குக் கை வைத்தியமாகக் குடித்தார்கள். 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு இந்த இலைகள் போனதும் அந்தக் காரணத்தால்தான். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இலைச்சாரத்தை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாக ஏற்றினார்கள், வெள்ளையணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. வெள்ளையணுவை இப்படி அழிக்கும் பொருள், அது வெறிபிடித்துப் பெருகும் ரத்தப் புற்றுநோயை அடக்காதா என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது; வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அங்கே அனுமதி கிடைத்தது.

மருந்து வேலை செய்யும் விதத்தைச் சித்திரைத் தேரை வைத்துச் சொல்லலாம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதன் குரோமோசோம்கள் இரட்டை இரட்டையாக நடுவில் வரிசைகட்டும். இரு பக்கமும் வடம் பிடித்து இழுத்தால்தான் ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். அந்த வடம் டியூபுலின் என்ற புரத மணிகளைக் கோத்துத் திரித்தது. வின்கிரிஸ்டின் அந்த மணிகளைப் பற்றிக்கொள்வதால் வடம் திரளாது; தேர் நிலையிலேயே நிற்க, அணு பிரிய முடியாமல் செத்துப்போகிறது. ஓயாமல் பிரிவது புற்றணுவின் குணம் என்பதால் அடி அதற்கே அதிகம். ஆனால் நல்ல அணுவுக்கும் இதே வடம்தான். நரம்புகளில் சரக்குப் போய்வரும் பாதையும் இதுவே. அதனால்தான் மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது, முடி கொட்டுகிறது.

பிரித்தெடுத்தால்தான் நஞ்சு, முழு இலையாகத் தின்றால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும் என்பார்கள். செத்த எலிகளுக்குள் போனது பிரித்தெடுத்த மருந்து அல்ல, இலைச்சாரமேதான். அளவையும் பார்க்கவேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தடவை ஏற்றுவது பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. அதற்கே நாலு கிலோ சருகு ஆகிறது! மென்று விழுங்கினாலும் மருந்து குடல்வழி சீராகச் சேராது. இலையிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற ஆல்கலாய்டுகள் என்ன செய்யும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நாட்டு வைத்தியம் இல்லாவிட்டால் இந்த மருந்தே வந்திருக்காது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். செடியைக் கைகாட்டிவிட்டது அதுதான், ஆனால் காட்டியது வேறு நோய்க்கு. ஏதோ ஒரு சாறு ஆய்வகத் தட்டில் புற்றணுவைக் கொன்றது என்று அடிக்கடி வரும் செய்திகளுக்கும் இதே உரைகல்தான். தட்டில் கொல்வதற்குக் கரித்த உப்புத் தண்ணீரே போதும். எந்த அளவில், எந்த வழியில், நல்ல அணுவை எவ்வளவு விட்டுவைத்து என்று கேட்கவேண்டும்.

அந்த அளவும் வழியும் எவ்வளவு கறாரானவை என்றால், வின்கிரிஸ்டினை ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றவேண்டும். தவறித் தண்டுவட நீரில் ஏற்றினால் உயிர் போய்விடும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை இன்று பெருமளவு குணப்படுத்தும் கூட்டு மருந்துகளில் இதற்கு நிலையான இடம் உண்டு. வீட்டில் யாருக்காவது அந்தச் சிகிச்சை நடக்கும்போது இலைச் சாறு ஏதும் கொடுத்துவந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.