யோசினையும் ஒரு வருத்தமே

கிளிவெட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சுகம் விசாரித்தால், "சாப்பிட மனமில்லை, நித்திரையும் இல்லை, ஒரே யோசினை" என்று சொல்வோரைக் காண்கிறோம். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு என்று மாறிமாறி மருந்தெடுப்போரும் உளர். சோதித்துப் பார்த்தால் உடம்பில் குறை எதுவும் தெரிவதில்லை. அதற்காக அவர்கள் நடிக்கிறார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. மனம் படும் பாட்டை உடம்பு சொல்லுகிறது.

இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது?

நம் மக்கள் சுமப்பது சிறிய சுமையல்ல. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி, அயற்கிராமமான குமாரபுரத்தில் 24 பேர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் நிறுத்தப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் 2016 யூலையில் விடுதலை செய்யப்பட்டனர். 2006இல் மூண்ட போரினால் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அவர்களிற் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கூரையின்கீழ் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் பலருக்குச் சொந்தக் காணி திரும்பக் கிடைத்தது. இவற்றோடு வயலில் நட்டம், கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடன், வெளிநாட்டில் வேலைக்குப் போன தாய் என்று அன்றாடக் கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன.

இப்படி வரும் காயத்தை மனவடு என்கிறோம். போர் ஒரு மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் எடுத்துக்காட்டினார். ஆகவே ஆறுதலும் குடும்பமாக, ஊராகச் சேர்ந்தே வரவேண்டும்.

கவலை எப்போது வருத்தமாகிறது?

இழப்பு வந்தால் அழுவது இயல்பு. நினைவு நாள் வரும்போது மனம் கலங்குவதும் இயல்பே. ஆனால் நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமின்றிக் கோபம், "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைக் குழப்பினால் அது வருத்தம். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்கவேண்டும். இதைப் பைத்தியம் என்று ஒதுக்குவது தவறு. கோவிலுக்குப் போய் நேர்த்தி வைப்பது மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் அதைச் சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

நேரத்துக்கு எழும்புவோம், நேரத்துக்குச் சாப்பிடுவோம். பின்னேரத்தில் சற்று நடப்போம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவோம். கசிப்பும் சாராயமும் யோசினையை ஓர் இரவு மறைக்கும், மறுநாள் இரட்டிப்பாக்கும். பிள்ளைகள் திடீரென்று படிப்பில் பின்தங்கினாலோ, படுக்கையை நனைத்தாலோ அடிக்காமல் அருகிருத்திக் கேட்போம்.

கேட்கும் முறையும் முக்கியம். "இதெல்லாம் ஒரு கவலையா? மறந்துவிடு" என்றால் பேச வந்தவரின் வாய் அடைத்துப்போகும். "என்னக்கா, ராவில நித்திரை வருகுதா?" என்று தொடங்கி, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதே பாதி மருந்து.

ஓர் உயிரைக் காப்பது

"இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சும்மா பேச்சென்று விடக்கூடாது. "சாக வேண்டுமென்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, அடக்கி வைத்ததைச் சொல்ல வழி பிறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

இந்த ஆபத்தான நேரம் பெரும்பாலும் கடந்துபோகக்கூடியது என்பதற்கு நம் நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய நச்சுள்ள விவசாய மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 2015ஆம் ஆண்டளவில் அத்தொகை 70 வீதம் குறைந்தது. கையெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாததால் எத்தனையோ பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

உதவி எங்கே?

அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. மருந்து வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். சுகம் கண்டவுடன் தாமாக நிறுத்தக்கூடாது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல்நாள் கிளினிக்குக்குத் தனியே போக வெட்கப்படுவோர் பலர். அவருடன் கூடப் போக ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக நாம் இருப்போம்.