தலையில் ஆபரேஷன், எதற்கு வென்டிலேட்டர்?

"நுரையீரல் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டாக்டர் வென்டிலேட்டர்?" மூளை அறுவை சிகிச்சை முடிந்தவரின் வீட்டார் ஐ.சி.யூ. வாசலில் கேட்பது நியாயமான கேள்விதான். நினைவில்லாதவரால் சளியை இருமித் துப்ப முடியாது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். அதற்காகத்தான் டியூப். ஆனால் இவர்களுக்கு மூச்சு கிடைத்தால் மட்டும் போதாது. அதன் வேகமும் அழுத்தமும் தலைக்குள் என்ன செய்கின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மண்டையோடு விரியாது

மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் மண்டைக்குள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783-லேயே இதற்கு அடித்தளம் போட்டார். படுத்திருக்கும் பெரியவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 15 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். பலத்த தலைக்காயத்தில் அது 22-ஐத் தாண்டி நின்றால் உடனே குறைக்கப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

கரியமில வாயு செய்யும் வேலை

மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கரியமில வாயு சேரும். மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், உள்ளே ரத்தம் கூடும், அழுத்தம் ஏறும். மூச்சை வேகப்படுத்தினால் குழாய்கள் சுருங்கி அழுத்தம் இறங்கும்.

அப்படியானால் வேகமாகவே கொடுத்துவிடலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் சுருங்கிய குழாயில் ரத்தமும் குறைவாகத்தான் ஓடும். ஏற்கெனவே அடிபட்ட மூளை அதற்கே ஏங்கிக் கிடக்கிறது. தலைக்காயம்பட்ட எல்லோருக்கும் வழக்கமாக வேக மூச்சு கொடுப்பது சிலருக்குக் கெடுதலாகவே முடிந்ததை 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று பெரும்பாலும் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தத்தை 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் வைத்திருக்கவே பார்க்கிறார்கள். மூளை பிதுங்கும் அபாயம் வந்தால் மட்டும், சிறிது நேரத்துக்கு வேக மூச்சு. அடிக்கடி ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. என்னும் ரத்த வாயுப் பரிசோதனை பார்ப்பது இதற்காகத்தான், வீண் செலவு என்று முணுமுணுக்க வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம் கூடினால்

மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாதிருக்கக் கொஞ்சம் அழுத்தத்தை மிஷின் நிறுத்திவைக்கும். டாக்டர்கள் இதை 'பீப்' என்பார்கள். அது மிகுந்தால் தலையிலிருந்து ரத்தம் கீழிறங்கத் தடைப்படும். ரத்த அழுத்தமும் சரியலாம். அதற்குப் பயந்து ஒரேயடியாகக் குறைத்தால் ஆக்சிஜன் இறங்கும். மூளைக்கு அது இன்னும் மோசம். அளவான பீப்பைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது ஆறுதல்.

கட்டிலருகே

சளி உறிஞ்சும்போது நோயாளி இருமுவார். மானிட்டரில் மண்டைக்குள் அழுத்தத்தின் எண் சட்டென்று ஏறும், அலாரம் அடிக்கும். பிறகு இறங்கிவிடும். அதனால்தான் நர்ஸ் முன்கூட்டியே ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு, சில நொடிகளில் உறிஞ்சி முடிக்கிறார்.

தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருப்பதும், கழுத்து நேராக இருப்பதும், டியூப்பைக் கட்டும் நாடா இறுக்காமலிருப்பதும் ரத்தம் தலையிலிருந்து இறங்கிவரத்தான். பார்க்கப் போகிறவர்கள் பாசத்தில் முகத்தைத் தங்கள் பக்கம் திருப்பக் கூடாது; தலையணை சரியில்லை என்று தோன்றினாலும் கை வைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.