எசெக்கிபோ எல்லையில் படை குவிந்தது ஏன்?

கயானாவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு எசெக்கிபோ. சுமார் 1,59,500 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தக் காட்டுப் பகுதியை வெனிசுவேலா தன்னுடையது என்கிறது. 1899இல் பாரிஸில் கூடிய நடுவர் மன்றம் அதன் பெரும்பகுதியை அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்கு அளித்தது. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1962இல் வெனிசுவேலா ஐ.நா.வில் வாதிட்டது. 1966இல் கயானா விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே வெனிசுவேலா எல்லை ஆற்றிலுள்ள அங்கோகோ தீவை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

ஆறிக்கிடந்த இந்தத் தகராறைக் கிளறிவிட்டது எண்ணெய்தான். 2015இல் எக்ஸான்மொபில் நிறுவனம் கயானாக் கடலில் எண்ணெய் கண்டது. எடுக்கக்கூடிய அளவு 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. கரை கைமாறினால் கடல் எல்லையும் மாறும். அதோடு, வெனிசுவேலாவின் பொருளாதாரம் நொறுங்கி மக்கள் லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையில், 2024 அதிபர் தேர்தலுக்கு முன் நிகோலாஸ் மதுரோ அரசுக்கு நாட்டுப்பற்றைத் தூண்டும் ஒரு விவகாரம் தேவைப்பட்டது. 2023 டிசம்பர் 3 அன்று எசெக்கிபோவை இணைத்துக்கொள்வது பற்றி வெனிசுவேலாவில் வாக்கெடுப்பு நடந்தது. அங்கோகோவிலும் கடலோரத்துப் புந்தா பரிமாவிலும் ராணுவ முகாம்கள் விரிவடைவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

ஆனால் அந்தப் படைகள் எங்கே போக முடியும்? எல்லை நெடுக அடர்ந்த காடு. எசெக்கிபோவுக்குள் செல்லும் சாலை எதுவும் வெனிசுவேலாவிலிருந்து இல்லை. கவச வண்டிகள் தரைவழியே செல்ல வேண்டுமானால் பிரேசிலின் ரொரைமா மாநிலம் வழியாகத்தான் செல்ல வேண்டும். பிரேசில் அங்கே தன் படையைப் பலப்படுத்தி அந்த வழியை அடைத்தது. இந்தப் படைக்குவிப்பு நிலத்தைப் பிடிப்பதைவிட, எண்ணெய் நிறுவனங்களை அச்சுறுத்தவும் பேச்சுவார்த்தையில் கயானாவைப் பணியவைக்கவும் நடந்தது என்று கொள்வதே பொருத்தம். 2025 மார்ச்சில் வெனிசுவேலக் கடற்படைக் கப்பல் ஒன்று கயானாவின் எண்ணெய் உற்பத்திக் கப்பல்களை நெருங்கிச் சென்றதும் அதைத்தான் காட்டுகிறது.

சுமார் 8 லட்சம் மக்களும் சில ஆயிரம் படைவீரர்களும் கொண்ட நாட்டுக்கு இந்த மிரட்டல் சிறியதல்ல. கயானா அமெரிக்காவுடன் நெருங்கியது. பிரிட்டன் போர்க்கப்பல் அனுப்பியதும், வெனிசுவேலா 5,600க்கு மேற்பட்ட வீரர்களுடன் பயிற்சி தொடங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், 2023 டிசம்பர் 14 அன்று, செயின்ட் வின்சென்ட் தீவின் ஆர்கைலில் இரு நாடுகளும் பலப்பிரயோகம் செய்வதில்லை என்று அறிவித்திருந்தன. கரீபிய நாடுகள் கயானாவின் பக்கம் நின்றன. வெனிசுவேலாவுக்கு நெருக்கமான சீனாவும் அதற்குத் துணைநிற்பது கடினம்: கயானாவின் முக்கிய எண்ணெய் வயலில் சீன அரசு நிறுவனத்துக்கு 25 சதவீதப் பங்கு இருக்கிறது.