உப்பளத்து வைகறை

தன்னொழுக்கம் பழகுவதற்கு அதிகாலையில் எழுவதே முதற்படி என்னும் அறிவுரை பள்ளிச் சுவர்களிலிருந்து கைப்பேசிக் காணொளிகள் வரை பரவிவிட்டது. ஆயினும், அவ்வாறு எழுவதை ஒழுக்கம் என்று பெயரிட்டு அழைக்காமலேயே தலைமுறைகளாகச் செய்துவரும் ஊர்களை அவ்வறிவுரை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அத்தகைய ஊர்களுள் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைபவர்களுக்கு இவ்வூரின் அம்பாரங்கள், அதாவது வாரிய உப்பை வரப்போரம் குவித்துவைத்த வெண்குவியல்கள், மட்டுமே கண்ணில் படுகின்றன; அவற்றைக் குவித்த கைகள், கோடை முற்றிய நாள்களில் பொழுது புலருமுன்பே அளத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகின்றன.

இதற்கான காரணம் உப்பு விளையும் முறையிலேயே அமைந்திருக்கிறது. நீரின் செறிவை அளக்கும் போமே அளவையில் (பேச்சுவழக்கில் வெறும் ‘டிகிரி’) ஏறத்தாழ 3 டிகிரியாக இருக்கும் கடல்நீர், பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சப்பட்டு, வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கலந்து கைப்பேறிவிடும் என்பதால் அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். ஆக, உப்பை விளைவிக்கும் அதே வெயில்தான் உப்பை வாருபவரையும் விரட்டுகிறது. மேலிருந்து காய்வது போதாதென்று, வெண்பரப்பிலிருந்து எதிரொளியும் முகத்தில் அறைகிறது. ஒதுங்கி நிற்க ஒரு மர நிழலும் அக்களர்நிலத்தில் கிடையாது. நீண்ட கழியின் முனையில் பொருத்திய பலகையைக் கொண்டு, காலை அரிக்கும் செறிநீரில் நின்றபடி, பாத்தியின் அடித்தரை பெயராமலும் சேறு கலவாமலும் படிவை மட்டும் பதமாக இழுத்துச் சேர்ப்பதும், பின்னர் சும்மாட்டின்மேல் (சுமைக்கு அணையாகத் தலையில் சுற்றிவைக்கும் துணிச்சுருள்) ஈரம் சொட்டும் கூடையை ஏற்றி வழுக்கும் வரப்பில் நடப்பதும், கண் கூசும் நண்பகலில் செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

தொல்காப்பியம் வைகறையை வயல்நிலமான மருதத்திற்கு உரிய பொழுதாகக் கொடுத்து, கடற்கரை நிலமான நெய்தலுக்கு எற்பாட்டை, அதாவது சூரியன் சாயும் பொழுதை, ஒதுக்கியது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எனப் பலராலும் கருதப்படும் மரக்காணத்திற்கு இலக்கணப்படி வாய்த்தது மாலை நேரம். உழைப்பின்படி வாய்த்ததோ வைகறை. அதிகாலையைப் போற்றுவோர் இன்று பெரிதும் எடுத்துக்காட்டும் பிரம்ம முகூர்த்தம், சூரிய உதயத்திற்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிப்பதாகும். மே மாதத்தில் ஏறத்தாழ 5.45 மணிக்கு விடியும் இக்கடற்கரையில் அது நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் தொடங்கும். அதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்ட வீட்டுக்கு அம்முகூர்த்தத்தின் பலன்களை எடுத்துரைப்பது சற்று வேடிக்கையானதே.

உப்பும் அதிகாலையும் நோன்பாக இணைந்த வரலாறும் உண்டு. காந்தியின் ஆசிரமத்தில் நான்கு மணிக்கே எழுந்து வழிபாட்டுக்குக் கூடுவது கட்டாய விதியாக இருந்தது. 1930 ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பு அள்ளப்பட்டதும், அதே மாதம் 30 அன்று வேதாரண்யத்தில் இராஜாஜியின் தொண்டர்கள் உப்பெடுக்கப் புறப்பட்டதும் காலை வேளையில்தான். மன உறுதியே மனிதரை எழுப்புகிறது என்போர் இவற்றைச் சான்றாகக் காட்டலாம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஆசிரமத்தில் மணி அடிக்க ஆள் இருந்தார், உடன் எழப் பலர் இருந்தனர். அளத்திலும் அவ்வாறே, பக்கத்து வீட்டார் கிளம்பும் ஓசை கேட்டபின் எவரும் படுத்திருக்க இயல்வதில்லை. தனியொருவரின் வைராக்கியமாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு இத்தகைய கூட்டுப் பழக்கமே.

அக்கூட்டத்திலும் முதலில் எழுபவர் யார் என்பதே இங்கு ஆராயத்தக்கது. வளர்ந்தவர்க்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. நான்கு மணிக்கு அளத்தில் நிற்க வேண்டிய ஆண் மூன்றரைக்கு எழலாம். அதே அளத்துக்கு வரும் அவர் மனைவியோ சோறு வடித்து, தூக்குச்சட்டியில் கட்டி, பிள்ளைகளின் உணவையும் மூடிவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டுமாதலால், இரண்டரைக்கே எழ வேண்டியிருக்கும். ஏழு மணி நேரம் உறங்க அவர் இரவு ஏழரைக்குப் படுக்க வேண்டும். பிள்ளைகள் உண்டு முடிக்காத, பாத்திரம் கழுவப்படாத நேரம் அது. ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர் எனத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 கணக்கெடுப்பு காட்டுகிறது. கூலி வேலைக்கும் போன பின்னர் அந்த 299 நிமிடங்களை உறக்கத்திலிருந்து அன்றி வேறெங்கிருந்து எடுப்பது? அதிகாலை எழுதலைப் போதிக்கும் நூல்கள், எழுந்தவுடன் தேநீர் யார் போடுவது என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளும் வரப்புகளும் ஒரே நீர்ப்பரப்பாகிவிட, உப்பு விளைச்சல் நின்றுபோகிறது. இப்பருவத்தின் மூன்று மாத வேலையிழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வழங்கிவருகிறது. வாருவதற்கு உப்பும் தப்பித்து ஒதுங்க வெயிலும் இல்லாத அந்நாள்களில் ஆண்கள் விடிந்தபின் எழலாம். அவை பள்ளி நாள்களும் ஆகையால் அடுப்பு மட்டும் இருட்டிலேயே மூட்டப்படுகிறது.