அகப்பாட்டும் அதன் உறுப்புக்களும்

கவிதையைக் கற்கும் மாணவர் பலர் முதலில் வினவுவது, 'இப்பாட்டின் கருத்து யாது?' என்பதாகும். பின்னர் உவமை, எதுகை, மோனை ஆகியவற்றை எண்ணிக் குறித்து விடைத்தாளை நிரப்புவர். சங்க அகப்பாட்டுக்களைப் பொறுத்தமட்டில் இம்முறை பெரிதும் பயன்படாது. ஈண்டு முதற்கண் அறியவேண்டுவது, பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதே. அகப்பாட்டிற் புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி முதலியோருள் ஒருவர் கூற்றாகவே பாட்டு அமையும். காதலரின் பெயரைச் சுட்டிக் கூறுதலும் இல்லை.

கூற்றை உணர்ந்தபின் நோக்கற்பாலன முதல், கரு, உரி என்னும் மூன்றுமாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலாயின கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். இவற்றை ஒப்புவித்தல் எளிது. ஒரு பாட்டினுள் இவை எவ்வாறு தொழிற்படுகின்றன எனக் காண்டலே அரிது.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் 65ஆம் பாட்டு நான்கே அடிகளை உடையது. பரத்தையரிடமிருந்து மீண்ட கணவனை நோக்கி மனைவி பேசுகின்றாள். மகனைப் பெற்ற தன் மேனியைத் தழுவினால் அவன் மார்பின் அழகு கெடும் என்பது அவள் கூற்று. அதற்கு முன் அவனுடைய ஊரைப் பற்றி ஒரு செய்தி வருகின்றது: கரும்புக்கென வகுத்த பாத்தியில் நீர்ப்பூ ஒன்று தானே தழைத்து வண்டுகளின் பசியைத் தீர்க்கின்றதாம். அப்பூவை ஆம்பல் எனவும் தாமரை எனவும் பாடங் கொள்வர். மேலோட்டமாகப் படிப்போர்க்கு இது வெறும் வயற்காட்சி. தொல்காப்பிய உரை மரபோ வேறொன்று காண்கின்றது. பாத்தி அவனது மனை, கரும்பு பரத்தையர், தானே முளைத்த பூ மனைவி, வண்டுகள் விருந்தினர். பரத்தையர்க்கென அமைத்த வீட்டில் தானும் ஓர் ஓரத்திருந்து விருந்தோம்பி இல்லறம் நடத்துவதாக அவள் கூறாமற் கூறுகின்றாள். வெளிப்படையாக ஏசியிருப்பின் இத்துணைக் கூர்மை வாய்த்திராது.

இதுவே உள்ளுறை உவமம். ஏனை உவமத்திற்போல 'போல' என்னும் உருபும் இங்கில்லை; உவமிக்கப்படும் பொருளும் சொல்லப்படுவதில்லை. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே இதற்கு நிலைக்களன் எனத் தொல்காப்பியம் வரையறுக்கும். அவ்வரையறை பொருத்தமுடையதே, கேட்பவன் நாள்தோறும் கண்டு பழகிய வயலும் பூவும் வண்டுமே அவன் நெஞ்சிற் சென்று தைக்கும்.

பாடல்களின் கீழ்க் காணப்படும் கூற்றுக் குறிப்புக்கள் புலவர் எழுதியன அல்ல, பிற்காலத்தாராற் சேர்க்கப்பட்டவை என்பர் ஆராய்ச்சியாளர். ஆதலின் அவற்றை முதலில் மறைத்துவிட்டுப் பாட்டையே படித்தல் நன்று. மேற்காட்டிய பாட்டில் மகனைப் பெற்ற செய்தி ஒன்றே பேசுபவள் யார் என்பதைத் தெரிவித்துவிடுகின்றது.