நிழற்படப் போட்டிக்குப் பொருள் தேடுதல்

நிழற்படக் கலைப் போட்டியொன்று அறிவிக்கப்பட்டதும் மலையகத்து இளைஞர் பலர் செய்யும் முதற் காரியம், கமராவையோ கைத்தொலைபேசியையோ எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படுவதுதான். ஒருவர் ஹோட்டன் சமவெளிக்குச் செல்வார். இன்னொருவர் சிவனொளிபாத மலையின் உச்சியில் சூரியோதயத்துக்காகக் குளிரில் நடுங்குவார். கொண்டுவரும் படங்கள் அழகானவையே. ஆயினும், அதே கோணத்தில் அதே உதயத்தைப் பல்லாயிரவர் முன்னமே எடுத்துவிட்டனர். நடுவர்களும் அவற்றைப் பார்த்துச் சலித்தவர்கள். "சேர், எடுப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று என் மாணவர் கேட்கும்போது, போகவந்தலாவையில் துயிலும் ஓர் அம்மையாரைப் பற்றித்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர். நிழற்படக் கலையின் வரலாற்றில் அவருக்கு முன்வரிசையில் இடமுண்டு. 1863ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், மகள் பரிசாக அளித்த கமராவைக் கொண்டே அவர் இக்கலையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவும் வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். இத்தனை தொல்லைக்கிடையில் அவர் பொருள் தேடி எங்கும் அலையவில்லை. வீட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தித் தேவமாதாவாகக் கண்டார். கோழிக்கூண்டாக இருந்த கொட்டிலைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இருவரும் இங்கே குடியேறினர். இங்கும் அவருடைய கமரா திரும்பியது தம்மைச் சூழ வாழ்ந்த மக்களின் பக்கமே. தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே.

கமரன் அம்மையாரின் படங்களைப் போற்றும் நான், அவற்றில் ஒரு குறையையும் காண்கிறேன். அவருடைய இலங்கைப் படங்களில் நிற்கும் தொழிலாளர் பலரின் பெயர் எமக்குத் தெரியாது. அன்று தொடங்கிய வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. மலையகத்தார் எப்போதும் பிறருடைய படத்துக்குப் பொருளாக நின்றவர்களேயன்றி, கமராவின் பின்னால் நின்றவர்கள் அல்லர். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கூடையைச் சுமந்து புன்னகைக்கும் பெண்ணை உலகம் அறியும். அட்டைக்கடியையும், மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கையும், மாலையில் நெரியும் முதுகையும் உலகம் அறியாது. எங்கள் பிள்ளைகளும் அந்தச் சுவரொட்டியையே மீண்டும் எடுத்துப் போட்டிக்கு அனுப்புவார்களாயின், அது எனக்கு வருத்தத்தையே தரும்.

ஆகவே காட்சி வேறு, பொருள் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். கொழுந்து பறித்தல் ஒரு காட்சி. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சென்று பாருங்கள். தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதை நோக்கி வரிசையில் நிற்கும் கண்கள் அனைத்தும் திரும்பியிருக்கும். அன்றைய கூலி அந்த முள்ளில் இருக்கிறது. அங்கே 'காத்திருத்தல்' என்னும் பொருள் தானே வந்து நிற்கிறது. தராசைக்கூட எடுக்க வேண்டியதில்லை, கண்களே போதும். அவ்வாறே கவ்வாத்து வெட்டிய மலை, இலையிழந்த தூர்களோடு நிற்கும்போது 'முதுமை' என்றும் சொல்லலாம், 'மறுபிறப்பு' என்றும் சொல்லலாம். எதைச் சொல்கிறோம் என்பதை வெளிச்சம் தீர்மானிக்கும். உச்சி வெயிலில் அது வெறும் குச்சிக் காடுதான். காலை மூட்டத்தில் ஒவ்வொரு தூரும் ஒரு கிழவர்.

'நீர்' என்று போட்டியாளர் தலைப்புக் கொடுத்தால் பொல்பிட்டியார் எங்கும் போக வேண்டியதில்லை. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாவது இங்கேதான். 1969 முதல் இங்கே மின் நிலையமும் இயங்குகிறது. எனினும் அருவியையும் அணையையும் அழகாக எடுத்துவிட்டால் போதாது. இந்த நீரில் பிறந்த மின்சாரம் தலைநகருக்கு ஒளியூட்டிய பின்னரும், நெடுங்காலம் பல லயன் அறைகளில் குப்பி விளக்கே எரிந்தது. மின் கம்பிகளின் கீழே, மூலையில் தூசு படிந்து கிடக்கும் ஒரு பழைய குப்பி விளக்கு! அதற்கு விளக்கவுரை தேவையா?

லயனல் வென்ட் அவர்களின் பெயரையும் இங்கு சொல்லியாக வேண்டும். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர், சட்டம் கற்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். நாட்டுப்புறத்து மனிதரையும் நடனக் கலைஞரையும் எடுத்ததோடு, இருட்டறையில் கழுவும் வேளையில் ஒளியைச் சிறிது பாய்ச்சி விளிம்புகளைக் கோடாக்கும் உத்தியையும் கையாண்டார். அவருடைய படங்கள் 1950இல் நூலாக வெளிவந்தன. ஒரே இடத்துக்குப் பலமுறை திரும்பிச் செல்லும் பழக்கத்தை அவரிடம் கற்கலாம் என்பது என் எண்ணம். உத்தி பிறகு வரும்.

இன்னொன்று. போட்டி விதிகளைப் படியுங்கள். இயற்கை, செய்திப்படம் ஆகிய பிரிவுகளில் படத்தில் எதையும் சேர்ப்பதும் நீக்குவதும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. அதைவிட முக்கியமானது, எடுக்கப்படுபவரின் சம்மதம். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரமாகும்? எடுத்ததைக் காட்டுங்கள், முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள், அவர் இசைந்தால் அவருடைய பெயரையும் படத்தின் கீழ் எழுதுங்கள்.

மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் தாழும்போது பழைய கோயிற் கட்டடம் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அப்போது கட்டடத்தை எடுக்கப் பலர் வருவர். அந்நகரத்துத் தெருவில் நடந்து பழகிய முதியவர் ஒருவர் உங்கள் லயத்தில் இருக்கக்கூடும். அவருக்கு எண்பது வயதும் கடந்திருக்கும். அடுத்த வரட்சியில் அவரையும் மெல்லக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.